பூல் டேபிளுக்கு மர ட்ரையாங்கிள்: ஆசாரியிடம் சொல்லிச் செய்யலாமா?

திருப்பூர்_மூணுடேபிள்:

வணக்கமுங்க. திருப்பூரில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் மூன்று பூல் டேபிள் போட்டு நடத்துகிறேன். பெரும்பாலும் பனியன் கம்பெனிப் பையன்கள்தான் வருகிறார்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்கின கையோடு வந்தால், ராத்திரி கடை சாத்தும்வரை ஒரு டேபிளும் ஓயாது.

இப்போது பந்துகளை முக்கோணமாக அடுக்கும் சட்டம், அந்த ட்ரையாங்கிள்தான் பிரச்சினை. எட்டு மாதத்தில் மூன்று பிளாஸ்டிக் ட்ரையாங்கிள் போய்விட்டது. மூன்றுமே மூலையில்தான் விரிசல் விட்டது. அதற்கு முன்னாலேயே பக்கங்கள் வெளியே பிதுங்கி, பந்துகளுக்கு நடுவில் சந்து விழ ஆரம்பித்துவிடும். அடுக்கைக் கலைக்கும் முதல் அடியான பிரேக்கை எவ்வளவு ஓங்கி அடித்தாலும் ஐந்தாறு பந்து இருந்த இடத்திலேயே கூட்டமாக நிற்கிறது.

போன மாதம் குன்னூரில் ஒரு நண்பர் வீட்டில் பழைய மர ட்ரையாங்கிள் ஒன்றைப் பார்த்தேன். கையில் எடுத்தபின் கீழே வைக்க மனசே வரவில்லை. ஊருக்கு வந்ததும் ஆன்லைனில் ஒன்று வாங்கினேன். ‘ஸ்னூக்கருக்கும் பூலுக்கும் பொது’ என்று போட்டிருந்தார்கள். வந்து பார்த்தால் பதினைந்து பந்தும் உள்ளே அடங்கவில்லை.

உள்ளூர் ஆசாரியிடம் சொல்லிச் செய்தால் சரியாக வருமா? என்ன மரம், என்ன அளவு? எங்கள் கடைக்கு வரும் பையன் ஒருத்தன், “இப்ப யாருண்ணா மரம் வெக்கிறாங்க, ஷீட் வாங்கிப் போடுங்க” என்கிறான். அவன் சொல்வதும் சரியா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மார்க்கர்மகன்_பொள்ளாச்சி:

தம்பி, இதைப் படித்ததும் எங்கப்பாவின் கைதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. வால்பாறை மேலே ஒரு எஸ்டேட் கிளப்பில் அவர் மார்க்கராக இருந்தார். ஸ்கோர் சொல்வது, டேபிள் துணிக்குப் பிரஷ் போட்டு இஸ்திரி தேய்ப்பது, கியூ (பந்தை அடிக்கும் கோல்) நுனிக்குத் தோல் ஒட்டுவது, ஆட்டத்துக்கு ஆட்டம் பந்து அடுக்கித் தருவது, எல்லாம் அவர் வேலை. அது பன்னிரண்டடி ஸ்னூக்கர் டேபிள். ட்ரையாங்கிள் தோதகத்தி என்கிற ஈட்டி மரத்தில் செய்தது. துரைமார் காலத்திலிருந்தே இருக்கிறது என்பார்கள். எத்தனையோ பேர் கை பட்டு, பிடிக்கும் இடம் மட்டும் கண்ணாடி மாதிரி வழுவழுத்துப் போயிருந்தது.

ஒன்பது வயதில் எனக்கு அதைத் தொட அனுமதி கிடைத்தது. அப்பா சொல்லித்தந்த முறையை உங்கள் பூல் டேபிளுக்கு ஏற்றபடி சொல்கிறேன். பந்துகளை உள்ளே விட்டு, சட்டத்தோடு சேர்த்து முன்னும் பின்னும் ஒருதரம் உருட்டுங்கள். உச்சிப் பந்து ஸ்பாட்டின் (டேபிள் துணியில் அதற்குக் குறித்த புள்ளி) மேல் வந்ததும் நிறுத்துங்கள். இரண்டு கை விரல்களையும் கடைசி வரிசைக்கும் சட்டத்துக்கும் நடுவில் கொடுத்துப் பந்துகளை முன்னே நெருக்குங்கள். அந்த இடத்தில்தான் மரத்தின் அருமை தெரியும். மரச்சட்டம் அசைந்து கொடுக்காது. நீங்கள் தரும் அழுத்தம் வீணாகாமல் பந்துக்குப் போகும். எல்லாம் சரியாகச் சேர்ந்துவிட்டால் ‘டக்’ என்று ஒரே சத்தம். எங்காவது சந்து இருந்தால் ‘டக் டடக்’ என்று இரண்டு மூன்றாகக் கேட்கும். அப்பா பக்கத்து அறையில் கியூவுக்குத் தோல் ஒட்டிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், “இன்னொருக்கா போடு கண்ணு” என்பார். பிளாஸ்டிக்கில் அந்தச் சத்தத்தை நம்ப முடியாது. சட்டமே வளைந்து கொடுப்பதால் விரலுக்கும் ஒன்றும் சரியாகத் தெரியாது.

மழைக்காலத்தில் கிளப்பில் கணப்பு மூட்டுவார்கள். அப்பா ட்ரையாங்கிளை அதன் பக்கம் வைக்க விடமாட்டார். கியூ ஸ்டாண்டுக்குக் கீழே ஓர் ஆணியில் மாட்டிவிடுவார். வால்பாறை ஈரத்தில் பக்கச்சட்டம் ஒன்றும் ஆகவில்லை, மூலையில் வஜ்ஜிரப் பசைதான் விட்டுக்கொண்டது. இரண்டு தரம் பிரித்து ஒட்டியது எனக்கே ஞாபகம் இருக்கிறது. பிளாஸ்டிக்கில் மூலை போனால் தூக்கி எறிவதைத் தவிர வழியில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பதினைந்து பந்தை முக்கோணமாக அடுக்குவது ஸ்னூக்கருக்கும் முந்தின வழக்கம். பிரமிட்ஸ் என்ற ஆட்டத்தில் பதினைந்து சிவப்புப் பந்தை இப்படித்தான் வைப்பார்கள். 1875-ல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி அதோடு வண்ணப் பந்துகளைச் சேர்த்து ஆடியதுதான் ஸ்னூக்கர் ஆனது. பின்னால் இங்கிலாந்துப் பிரதமராக வந்த சேம்பர்லின் வேறு ஆள். அந்த ஆட்டத்துக்கு 1880-களில் விதிகள் எழுதி மாட்டிய இடம் நம் ஊட்டி கிளப். மேட்டுப்பாளையத்தில் மலை ஏறினால் வந்துவிடும். அதனால்தான் மர ட்ரையாங்கிள் நமக்கு வெளிநாட்டுச் சாமானாகவே எனக்குத் தோன்றுவதில்லை. நம் மலையில் வளர்ந்த மரத்தில், நம் ஆள் கையில் இருந்த பொருள் அது.

அளவும் மூட்டும் மரவேலை தெரிந்தவர்கள் சொல்லட்டும். ஆனால் செய்யுங்கள். கட்டாயம் செய்யுங்கள்.

ஈரோடு_ஒன்பதாம்பந்து:

அண்ணா எழுதியதைப் படித்து மனசு நிறைந்தது. ஆனாலும் போட்டிகளில் ஆடுகிறவளாக எனக்கு ஒன்று சொல்ல இருக்கிறது. இறுக்கம் என்று வந்துவிட்டால் ஷீட்டை எதுவும் ஜெயிக்க முடியாது.

அது மெல்லிய பிளாஸ்டிக் தாள். பந்து உட்கார ஓட்டை வெட்டியிருக்கும். அதில் வைத்தால் பந்துகள் தானாகவே ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். பிரேக் முடிந்து பந்துகள் ஓய்ந்ததும் தாளை எடுத்துவிடலாம். ஒன்பது பந்து ஆட்டத்தில் ரேக் (பந்து அடுக்கு) சுத்தமாக இருந்தால் ஓரத்துப் பந்து மூலைக் குழியைப் பார்த்துப் போகும். பழகினவர்கள் அதைக் கணக்குப் போட்டே அடிப்பார்கள். மரத்தில் ஒரு ஆட்டத்துக்கு வரும் இறுக்கம் அடுத்த ஆட்டத்துக்கு வராது. அடுக்குகிற ஆளைப் பொறுத்து மாறும். எதிராளி அடுக்கித் தரும் ஆட்டத்தில் அது சண்டையாகவே முடிவதைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், திருப்பூர் அண்ணாவுக்கு ஒரு எச்சரிக்கை. உங்கள் ஊரில் பஞ்சுத் தூசி அதிகம். ஷீட்டோ மரமோ, அந்த இடத்தை முதலில் பிரஷ் போடுங்கள். சந்து விழுகிறதே என்று பந்தின் தலையில் இன்னொரு பந்தால் தட்டிப் பதிய வைக்கிறவர்களைத் தயவுசெய்து விடாதீர்கள். துணியில் சின்னச் சின்னப் பள்ளம் விழும். அப்புறம் எந்த ட்ரையாங்கிளாலும் அதைச் சரிசெய்ய முடியாது. முதல் மூன்று ட்ரையாங்கிளும் சரியில்லை என்று நீங்கள் நினைத்ததில் பாதிக் காரணம் அந்தப் பள்ளமாகவும் இருக்கலாம். ஸ்பாட் பக்கம் விரலால் தடவிப் பாருங்கள்.

மார்க்கர்மகன்_பொள்ளாச்சி:

அம்மணி, நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. பந்து ஒட்டி நிற்பது மட்டும்தான் வேண்டுமென்றால் ஷீட்தான். போட்டிக்கு அதையே போடட்டும். எனக்கு அதில் வருத்தமே இல்லை.

தம்பி நடத்துவது போட்டி இல்லை, வாரம் முழுக்கத் தைத்தும் அடுக்கியும் களைத்த பையன்கள் வந்து ஆடுகிற இடம். அங்கே அடுக்குவதும் ஆட்டத்தில் சேர்த்தி. தோற்றவன் அடுக்கித் தருகிறான், ஜெயித்தவன் கியூ நுனியில் சாக் தேய்த்துக்கொண்டு நிற்கிறான். அந்த அரை நிமிஷம் இரண்டு பேருக்கும் மூச்சு வாங்க நேரம். எட்டாம் பந்தை நடுவில் வைத்தானா, பின் மூலைகளில் ஒன்று கோட்டுப் பந்து ஒன்று முழு நிறமா என்று எதிராளி கண்ணால் சரிபார்க்கிறான். எட்டணாப் பந்தயம் இல்லாத ஆட்டத்திலும் எங்கப்பா அதே பொறுமையோடு அடுக்குவார். எதிரே நிற்கிறவர் மேனேஜரா, டிரைவரா என்று அவர் கை வித்தியாசம் பார்க்காது. மரம் கையில் இருந்தால் அந்தப் பொறுமை எல்லாருக்கும் கொஞ்சம் வருகிறது. இது நான் கண்ணால் பார்த்தது.

கிளப்பில் அந்த டேபிளை விற்றபோது ட்ரையாங்கிளும் கூடவே போய்விட்டது. ஒரு வார்த்தை முன்னாலேயே தெரிந்திருந்தால் என்ன விலை என்றாலும் கொடுத்து வாங்கியிருப்பேன். அப்பா அதைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை. பின்னால் எங்க அப்புச்சி வீட்டை இடித்தபோது வாசல் நிலையின் தேக்குத்துண்டு ஒன்றை எடுத்து வைத்திருந்து, பூல் அளவில் ஒன்று செய்தேன். அப்பா வந்து, பந்து போடாமலே சட்டத்தை மட்டும் காதுப் பக்கம் வைத்து விரலால் சுண்டிப் பார்த்தார். “மூலை சத்தம் சரியா இருக்கு” என்றார்.

இழைப்புளி_பேரூர்:

அளவு நான் சொல்கிறேன். நாற்காலி, கட்டில்தான் என் தொழில். இதுவரை நான்கு ட்ரையாங்கிள் செய்து கொடுத்திருக்கிறேன்.

பூல் பந்து 57.15 மி.மீ., அதாவது 2 அங்குலம் 2 நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு). ஸ்னூக்கர் பந்து 52.5 மி.மீ., ஏறக்குறைய 2 அங்குலம் அரை நூல். ஒரு பக்கத்துக்கு ஐந்து பந்து. மூலைப் பந்துகளின் மையத்துக்கு மையம் நான்கு பந்து அகலம். அதனால் உள்பக்கத்தில் நேராக ஓடும் பகுதி பூலுக்குச் சரியாக 9 அங்குலம், ஸ்னூக்கருக்கு 8 அங்குலம் 2 நூல். பக்கத்துக்கு முக்கால் அங்குலம் வித்தியாசம். உங்களுக்கு வந்தது ஸ்னூக்கர் அளவு, அதான் அடங்கவில்லை. உள்மூலையைப் பந்தின் வளைவுக்கு ஒத்த மாதிரி உருட்ட வேண்டும். பந்து சுலபமாக நகர அரை நூல் தளர்வு விடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

பந்து சட்டத்தைத் தொடுவது அதன் நடு உயரத்தில், துணியிலிருந்து 1 அங்குலம் 1 நூலில். சட்டம் 2 அங்குல உயரம் இருந்தால் தாராளம். கனம் அரை அங்குலம். அடிவிளிம்பை மழுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் துணியைக் கீறும்.

ஆசாரியிடம் இருக்கிற மட்டம் தொண்ணூறுக்கும் நாற்பத்தைந்துக்கும்தான். இதற்கு அறுபது வேண்டும். கவராயத்தில் ஒரு வட்டம் போட்டு அதே அகலத்தால் சுற்றில் குறித்தால் அறுபது கிடைத்துவிடும். முக்கியமாக, பந்துகளைப் பட்டறைக்குக் கொண்டு போங்கள். பழைய பந்து தேய்ந்து சிறுத்திருக்கும், காகித அளவை நம்ப வேண்டாம்.

மரம்: தேக்கு போதும், ஆனால் பழைய மரமாக இருக்கட்டும். மரம் ஈரத்தில் அகலவாக்கில்தான் ஊதும், நீளவாக்கில் அவ்வளவாக மாறாது. அதனால்தான் வால்பாறையில் சட்டம் நின்று மூலை விட்டது. மூலையில் வெறும் பசையை மட்டும் நம்பாமல் காடி (பள்ளம்) எடுத்து அதில் ஒரு நாக்குப் பலகை (மெல்லிய மரத்துண்டு) சொருகச் சொல்லுங்கள்.

திருப்பூர்_மூணுடேபிள்:

எல்லாருக்கும் நன்றிங்க. முதலில் ஈரோட்டு அக்கா சொன்னபடி ஸ்பாட் பக்கம் விரலால் தடவிப் பார்த்தேன். இரண்டாவது டேபிளில் உச்சிப் பந்தின் இடத்தில் நன்றாகவே பள்ளம். அந்தத் துணியை மாற்றச் சொல்லிவிட்டேன். போட்டிக்குப் பழகும் இரண்டு பையன்களுக்காக ஒரு ஷீட்டும் வாங்கி வைத்தாயிற்று.

அவிநாசி ரோட்டில் பழைய வீடு இடிக்கும் இடத்தில் தேக்கு உத்தரத் துண்டு கிடைத்தது. பதினைந்து பந்தையும் பையில் போட்டு ஆசாரி வீட்டுக்குக் கொண்டு போனேன். அவர் பூல் ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை. பந்துகளைப் பலகையில் அடுக்கி, சுற்றிலும் பென்சிலால் கோடு போட்டு, நாலு நாள் ஆகும் என்றார். நேற்று வாங்கி வந்தேன். முதல்தரம் நெருக்கியபோது ‘டக் டடக்’ என்றது. இடது பின்மூலையில் வளைவு கொஞ்சம் பத்தவில்லை. திரும்பக் கொண்டுபோய்க் காட்டினேன். அவரே பந்தை வைத்து நெருக்கிப் பார்த்து, சத்தத்தைக் கேட்டு, அரை நூல் இழைத்து உப்புத்தாள் போட்டுத் தந்தார்.

பொள்ளாச்சி அண்ணா, இப்போது ஒரே சத்தம்தான். பாலிஷ் போடுவதா, எண்ணெய் மட்டும் தடவி விடுவதா? உங்கள் அப்பா என்ன தடவுவார் என்று மட்டும் சொல்லுங்கள்.

மார்க்கர்மகன்_பொள்ளாச்சி:

தேங்காய் எண்ணெய் வேண்டாம் தம்பி, துணியில் கறை ஏறும். அப்பா தேன்மெழுகை உருக்கித் துணியில் தொட்டு, வெளிப்பக்கம் மட்டும் தேய்ப்பார். உள்பக்கத்துக்கு ஒன்றும் போடமாட்டார். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் போதும்.