மதியம் 2.30 மணித் தாள்: டெல்லியில் சிசாட் படித்தவர்கள் சொல்வது

கரோல்பாக் வாசி:

ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். பதவிகளுக்கான குடிமைப் பணித் தேர்வில் சிசாட் என்று ஒரு திறனறித் தாள் உண்டு. ராஜேந்தர் நகர் நூலகங்களில் அதைப் பற்றிப் பேச்சு எடுத்தால் இரண்டே வசனம்தான் கேட்கும். பொறியியல் படித்தவர்கள் "அது வெறும் குவாலிஃபையிங்தானே, பாஸ் ஆனால் போதும்" என்பார்கள். என்னைப் போல வரலாறு, தமிழ் என்று படித்துவிட்டு வந்தவர்கள் "நமக்குக் கணக்கு வராதுப்பா" என்று கையை விரிப்பார்கள். பத்தியைப் படித்து விடை சொல்லும் பாசேஜ் கேள்விகள் பற்றி இரண்டு கட்சியும் வாயைத் திறக்காது. தாளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதுதான்.

புதிதாக வருகிறவர்களுக்காக: சிசாட் என்பது முதல்நிலைத் தேர்வின் இரண்டாம் தாள். 80 கேள்வி, 200 மதிப்பெண், இரண்டு மணி நேரம். 2011-இல் கொண்டுவந்தபோது இதன் மதிப்பெண்ணும் முதல்நிலைத் தேர்ச்சிக்கான கணக்கில் சேர்ந்தது. இது தங்களுக்குப் பாதகம் என்று இந்தி வழியில் படித்தவர்கள் 2014-இல் முகர்ஜி நகரில் தெருவுக்கு வந்து போராடினார்கள். 2015 முதல் 33 சதவீதம், அதாவது 66 எடுத்தால் போதும் என்று ஆனது. அந்த 66 வராவிட்டால் காலையில் எழுதும் பொது அறிவுத் தாளில் எவ்வளவு வாங்கியிருந்தாலும் பயனில்லை. அடுத்த கட்டமான மெயின்ஸைத் தமிழில் எழுதலாம், நேர்முகத்தில் தமிழில் பேசலாம். ஆனால் முதல்நிலைக் கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு உண்மையான சிக்கல் இங்கே இருக்கிறது. அதைக் கணக்குப் பயம் என்று பெயர் மாற்றிச் சொல்லிக்கொள்கிறோம்.

நூலகத்தில் எனக்குப் பக்கத்து இருக்கையில் பாட்னா பையன் ஒருவன் இருந்தான். கணக்கில் புலி. பாசேஜ் என்றால் மட்டும் முகம் சுருங்கிவிடும். கடைசியில் ஓர் ஒப்பந்தம் போட்டோம்: சாயங்காலம் டீக்கடையில் அவன் எனக்குக் கணக்கு, நான் அவனுக்குப் பாசேஜ்.

அவன் தடுமாறியது எங்கே என்று பிடிபட எனக்குக் கொஞ்ச நாள் ஆனது. அவனுக்கு ஆங்கிலம் புரியாமல் இல்லை. ஒரு பயிற்சிப் பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். நிலத்தடி நீர் இறங்க இறங்க விவசாயிகள் இன்னும் ஆழமாகத் துளை போடுகிறார்கள், அதற்காகக் கடன் வாங்குகிறார்கள், சிறு விவசாயியால் அதைத் திருப்பிக் கட்ட முடிவதில்லை. பத்தி அவ்வளவுதான். பத்தியிலிருந்து பெறப்படும் கருத்து எது என்று கேள்வி. இலவச மின்சாரத்தை நிறுத்த வேண்டும் என்று ஒரு விடை. நீர்மட்டம் குறைவதற்கும் சிறு விவசாயியின் கடனுக்கும் தொடர்பு உண்டு என்று இன்னொரு விடை. பையன் யோசிக்காமல் மின்சாரத்தைத் தொட்டான். தலையங்கம் படித்தவன், பொருளாதார ஆய்வறிக்கை படித்தவன். "தீதி (அக்கா), அது உண்மைதானே!" என்று அரைமணி நேரம் வாதாடினான். உண்மையாகவே இருக்கட்டும், பத்தியில் மின்சாரம் என்ற பேச்சே இல்லையே!

காலை 9.30-லிருந்து 11.30 வரை தெரிந்ததையெல்லாம் கொட்டச் சொல்லிவிட்டு, மதியம் 2.30-க்கு அதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு எதிரில் இருப்பதை மட்டும் படி என்கிறார்கள். நிறையப் படித்தவர்கள்தான் இதில் அதிகம் சறுக்குகிறார்கள். அங்கே பார்த்தவர்களை வைத்துச் சொல்கிறேன்.

ஆசிரியர் சொல்லாமல் எடுத்துக்கொண்ட கருத்து எது என்ற வகைக்கு அவனுக்கு ஒரு வழி சொன்னேன். ஒவ்வொரு விடையையும் பொய் என்று வைத்துப் பார். எது பொய்யானால் ஆசிரியரின் வாதம் விழுகிறதோ அதுதான் விடை. அவனுக்கு இது கணக்கு மாதிரி இருந்ததாம், உடனே பிடித்துக்கொண்டான்.

பதிலுக்கு அவன் எனக்கு எண்களைக் காட்டினான். 7-இன் 2023-ஆம் அடுக்கின் கடைசி இலக்கம் என்ன? முன்பெல்லாம் பார்த்ததும் பக்கத்தைத் திருப்பிவிடுவேன். 7, 9, 3, 1 என்று நாலு நாலாகச் சுற்றி வருகிறது. 2023-ஐ நாலால் வகுத்தால் மீதி 3. சுற்றில் மூன்றாவது 3, விடை அதுதான். பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு அளவு என்று போட்டிருக்கிறது. 2023-ஆம் ஆண்டுத் தாளைப் புரட்டியவர்கள் அதைப் படித்துச் சிரிப்பார்கள். அந்தத் தாளை எதிர்த்து வழக்கே போட்டார்கள்.

ஜனக்புரி பொறியாளர்:

அக்கா எங்கள் கட்சியைக் கொஞ்சம் கிண்டல் செய்திருக்கிறார், நியாயம்தான். என் அறைத்தோழர் பெரிய கல்லூரியில் பொறியியல் முடித்தவர். கணக்கு எதுவானாலும் போட்டுவிடுவார். அவருக்குத் தொல்லையே அதுதான், போடாமல் விடத் தெரியாது. ஒரு வரிசைமாற்றக் கேள்வியோடு ஏழெட்டு நிமிடம் மல்லுக்கட்டுவார். 120 நிமிடத்தில் 80 கேள்வி என்றால் ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம்தான் வருகிறது. அந்த வருடம் அவருக்குக் காலைத் தாள் நன்றாகவே போனது, இதில் நின்றுவிட்டார்.

எல்லாரும் ஒருமுறை இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சரியான விடைக்கு 2.5, தப்புக்கு மூன்றில் ஒரு பங்கு, அதாவது 0.83 போகும். தப்பே இல்லாமல் 26 சரி என்றால் 65, ஃபெயில். 27 என்றால் 67.5, தப்பித்தோம். தப்பே செய்யாத ஆள் யார்? 30 சரி, 10 தப்பு என்றால் 66.67. இன்னும் ஒன்றே ஒன்று தப்பானால் 65.83, அவ்வளவுதான், வீட்டுக்குப் போகலாம். பாதித் தாளைத் தொடவே வேண்டாம், தொட்டதில் முக்கால்வாசி சரியாக இருந்தால் போதும். தப்பு பத்தைத் தாண்டினால் சரியும் கூட வேண்டும். 35 சரி, 15 தப்பு என்று பழகினால் 75 வரும், மூச்சு விடலாம்.

இன்னொன்று. பழைய தாள்களில் முடிவெடுத்தல் கேள்விகள் இருக்கும், அவற்றுக்கு மைனஸ் கிடையாது. அந்தத் தாள்களில் வாங்கிய மதிப்பெண்ணை நம்பி ஏமாற வேண்டாம், அவை இப்போது வருவதில்லை.

ஆர்.கே.புரம் அம்மா:

நான் எழுதியவள் இல்லை, எழுதிய பெண்ணுக்குத் துணைக்குப் போனவள். படிப்பைப் பற்றி நீங்கள் எல்லாம் சொல்லிவிட்டீர்கள். அந்த மூன்று மணி நேர இடைவெளியைப் பற்றி யாரும் சொல்லக் காணோம்.

ஜூன் மாதம், டெல்லி வெயில். 11.30-க்குப் பிள்ளைகளை வெளியே விட்டார்கள். உட்கார இடமில்லை. நடைபாதையில் ஒரு வேப்பமரம், அதன் கீழே ஐம்பது பேர். உடனே கைப்பேசியை எடுத்துக் காலைத் தாளுக்கு விடை பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு பையன் நாலைந்து கேள்வி பார்த்தான், அதோடு முகம் செத்துவிட்டது. மதியம் உள்ளே போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். அவன் அம்மா கெஞ்சித்தான் அனுப்பினார்கள். என் பெண் கைப்பேசியை நான் தரவே இல்லை, அவள் முறைத்தாள், முறைக்கட்டும். தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு என் மடியில் கொஞ்சம் கண்ணை மூடினாள். அரைமணி நேரம் முன்பே கேட்டைச் சாத்திவிடுகிறார்கள், 2 மணிக்குள் உள்ளே இருக்க வேண்டும். கறுப்புப் பால்பாயின்ட் பேனா இரண்டாக வாங்கி வையுங்கள். மையம் வீட்டுக்குத் தூரமென்றால் முதல்நாளே போய் நிழலுக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கரோல்பாக் வாசி:

அம்மா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மாதிரித் தாளைக் காலையில் தெளிந்த தலையோடு எழுதாதீர்கள். காலை 9.30-க்கு முதல் தாள், மதியச் சாப்பாடு, 2.30-க்குச் சிசாட், ஏசி இல்லாத அறை. அப்போது வருவதுதான் உங்கள் நிஜ மதிப்பெண். தமிழ் வழியில் வந்த தம்பி தங்கைகள் ஆங்கிலத் தலையங்கத்திலிருந்து தினம் ஒரு பத்தி எடுத்து, அது சொல்வதை ஒரே தமிழ் வாக்கியத்தில் எழுதுங்கள், உங்கள் அபிப்பிராயம் கலக்காமல். ஞாயிற்றுக்கிழமை கரோல்பாக்கில் நாங்கள் சிலர் இப்படி முழுத்தாள் எழுதுகிறோம். வருகிறவர்கள் கடிகாரமும் சாப்பாடும் கொண்டுவாருங்கள்.