பலர் வாழும் வீட்டில் வைஃபை படுத்திய பாடு: உங்கள் அனுபவங்கள்

மூன்றாம் அறை:
நேர்முகத் தேர்வின் இரண்டாம் சுற்று. கேள்வி கேட்டவரின் முகம் பாதி வாய் திறந்தபடி திரையில் உறைந்து நின்றது, இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை. காலையில்தான் வேகம் பார்த்திருந்தேன், பதிவிறக்கம் 90 மெகாபிட். அடுத்த அறைக்கு ஓடி, "படம் பார்த்தே எல்லாவற்றையும் உறிஞ்சுகிறாய்" என்று தோழியிடம் கத்திவிட்டேன். அவள் கையில் இருந்தது புத்தகம். மேசைமேல் கிடந்த அவளுடைய கைப்பேசிதான், பயணத்தில் எடுத்த காணொளிகளையெல்லாம் தானாகவே இணையச் சேமிப்பகத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. பதிவேற்றப் பாதை நிரம்பிவிட்டால் மற்றவர்களின் அழைப்பும் அந்த வரிசையிலேயே காத்துக்கிடக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. வேலை கிடைக்கவில்லை. அதைவிட, கத்தியதுதான் உறுத்துகிறது.

இரவுப்பணி:
எங்கள் வீட்டில் மைக்ரோவேவ் அடுப்பு. சமையலறைச் சுவருக்கு மறுபுறம் என் மேசை. அம்மா தன் மருத்துவ அறிக்கையை அழைப்பில் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். முக்கியமான வரி வந்தபோது குரல் சிதறியது. அடுப்பின் மணி அடித்ததும் தெளிவாகத் திரும்பியது. அதற்குள் அம்மா அந்த வரியைக் கடந்திருந்தார். இன்னொரு முறை படிக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் வைஃபை ஓடிய 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பக்கம்தான் அந்த அடுப்பும் இயங்குகிறது. வைஃபையின் இன்னொரு அலைவரிசையான 5-க்கு மாறினேன், தொல்லை தீர்ந்தது. எல்லோரும் மாறிவிடுங்கள்.

கம்பியை நம்பு:
'எல்லோரும்' என்பதை ஏற்க முடியாது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானதுதான், ஆனால் சுவரைத் தாண்டுவதற்குள் இளைத்துவிடும். ரௌட்டருக்கு அருகில் இருப்பதால் உங்களுக்குப் பலித்தது. மூன்று சுவர் தள்ளிப் படுப்பவருக்கு இருந்ததும் போய்விடும்.

என் கதை சிறியது. ரௌட்டருக்கு வரும் வழியில் கதவிடுக்கில் நசுங்கிய ஒரு கேபிள். கிகாபிட் (1000 மெகாபிட்) வேகத்துக்கு உள்ளே இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். ஒரு ஜோடி கெட்டதும் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்டது. எட்டு மாதம் வைஃபையைத் திட்டிக்கொண்டிருந்தோம். அந்த நசுங்கலை விரலால் தடவிப் பார்த்த நொடி மறக்காது.

ஆகவே முதலில் லேப்டாப்பைக் கேபிள் வழியாக ரௌட்டரில் இணைத்து வேகம் பாருங்கள். அங்கேயே குறைவு என்றால் வைஃபைமீது பழியில்லை. சரியாக வந்தால், ரௌட்டரை அலமாரிக்குள்ளிருந்தும் குளிர்பதனப் பெட்டியின் பின்னாலிருந்தும் வெளியே எடுத்து, வீட்டின் நடுவில் உயரமாக வையுங்கள். 2.4-இல் 1, 6, 11 ஆகிய மூன்று சானல்கள் (அலைவரிசைக்குள் உள்ள தடங்கள்) ஒன்றோடொன்று மோதாதவை. அக்கம்பக்கத்து வைஃபைகள் குறைவாகப் பயன்படுத்துவதை எடுத்துக்கொள்ளுங்கள். 3, 4 என்று இடையில் நுழைந்தால் இருபுறமும் இடிபடும். வைஃபை அலையை வாங்கித் திரும்ப அனுப்பும் எக்ஸ்டெண்டரை அறைக்கொன்றாக வாங்கிச் செருகாதீர்கள். கேட்டதை அதே அலைவரிசையில் திருப்பிச் சொல்லும் வகை என்றால் வேகம் ஏறத்தாழ பாதியாகிவிடும். மூன்றாம் அறைக்கு: ரௌட்டரில் வேக வரம்பு வசதி இருந்தால், பதிவேற்றத்தை உண்மையான வேகத்துக்குச் சற்றுக் கீழே கட்டிவையுங்கள்.

மூன்றாம் அறை:
நன்றி, ஆனால் நான் வழி கேட்கவில்லை. வரம்பெல்லாம் எப்போதோ வைத்தாகிவிட்டது. ஒரு புகைப்படம் ஏற்றுவதற்குக்கூட அவள் இன்னும் என்னிடம் அனுமதி கேட்கிறாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

வாசற்படி:
இதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. எங்கள் வீட்டில் இணைப்பு என் பெயரில், ரௌட்டர் என் அறையில். கடைசி அறையில் இருப்பவர் மெதுவாக இருக்கிறது என்று இரண்டு முறை சொன்னார். எனக்கு நன்றாகத்தானே வருகிறது என்று விட்டுவிட்டேன். ஒருநாள் இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்கக் கதவைத் திறந்தேன். என் வாசலில் தரையில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்போடு தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். அங்கேதான் அவருக்கு அலை கிடைத்திருக்கிறது. "தூக்கத்தைக் கெடுத்துவிட்டேனா?" என்று அவர்தான் என்னிடம் கேட்டார்.

மறுநாள் பத்து மீட்டர் கேபிள் இழுத்து ரௌட்டரைக் கூடத்துக்கு மாற்றினேன். அரை மணி நேர வேலை. எத்தனை இரவுகள் அப்படி உட்கார்ந்திருந்தார் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.