மழை லீவும் ஈர்க்குச்சி நட்சத்திரமும்

குழு: நம்ம வீட்டு ஆட்கள்

ஷீபா, காலை 8:12
பள்ளிக்கு மழை லீவு. இரண்டும் வீட்டில். எட்டு மணிக்கே முதல் சண்டை முடிந்து இரண்டாவது தொடங்கிவிட்டது. இன்று இவர்களை உட்காரவைத்துக் கிறிஸ்மஸ் நட்சத்திரம் செய்யலாம் என்று பார்க்கிறேன். பெரியப்பா, நீங்கள்தான் வருஷா வருஷம் கட்டுவீர்களே, அளவு சொல்லுங்கள்.

ஜெபா மைனி, 8:15
கடையில் மடக்கி விற்கிற அட்டை நட்சத்திரம் ஒன்று வாங்கு. விரித்து நூலைக் கட்டினால் முடிந்தது. கோயம்புத்தூரில் நான் அதைத்தான் செய்கிறேன்.

ஷீபா, 8:16
மைனி, அது இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். மீதிப் பகல் முழுக்க இதுகளை வைத்து நான் என்ன செய்வேன்?

ஜெபா மைனி, 8:16
அது சரி.

பியூலா சித்தி, 8:20
என்ன வேண்டுமானாலும் செய், ஜிகினாத் தூளை மட்டும் கையில் கொடுத்துவிடாதே. போன கிறிஸ்மஸுக்கு எங்கள் வீட்டில் கொட்டியது ஈஸ்டர் வரைக்கும் சோற்றில் மின்னியது.

தங்கராஜ் பெரியப்பா, 8:41
மக்களே, நிதானமாகப் படி. மூங்கில் குச்சி 10 வேண்டும். எல்லாம் ஒரே நீளம், 60 செ.மீ. ஒவ்வொரு குச்சியிலும் இரண்டு முனையிலிருந்தும் 23 செ.மீ. அளந்து பேனாவால் கோடு போடு. நடுவில் 14 மிஞ்சும். ஐந்து குச்சியை நட்சத்திரமாக அடுக்கும்போது ஒரு குச்சியின் கோடு இன்னொரு குச்சியின் கோட்டின்மேல் வந்து உட்கார வேண்டும். உட்கார்ந்தால் ஐந்து முனையும் தானாக ஒரே அளவில் நிற்கும். வட்டம் வரைய வேண்டாம், பாகைமானி வேண்டாம்.

அடுக்கும்போது குச்சிகள் ஒன்றுக்கு மேலே ஒன்றுக்குக் கீழே என்று மாறி மாறிப் போகட்டும். முனைகளை நூலால் இறுக்கிக் கட்டு.

இதே மாதிரி இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டு. அப்புறம் உள்ளே குச்சிகள் குறுக்கிடும் ஐந்து இடங்களிலும் 10 செ.மீ. துண்டு ஒன்றை நெம்பி நிறுத்து. தட்டையாகக் கிடந்தது புடைத்துக்கொண்டு எழும்பும். அதற்குப் பிறகுதான் தாள்.

ஷீபா, 8:44
பெரியப்பா, வேளச்சேரியில் மழை கொட்டும்போது மூங்கிலுக்கு எங்கே போவேன்?

தங்கராஜ் பெரியப்பா, 8:47
வீட்டில் தென்னந்துடைப்பம் இருக்கிறதா?

ஷீபா, 8:47
இருக்கிறது. வேலைக்கு வருகிற அக்காவுடையது. எடுத்தால் தொலைந்தேன்.

தங்கராஜ் பெரியப்பா, 8:52
பத்து ஈர்க்குச்சி உருவினால் துடைப்பத்துக்கு ஒன்றும் ஆகாது. ஈர்க்கு அடியில் தடித்து நுனியில் மெலிந்து போகும். நுனியை நறுக்கி எறிந்துவிட்டுத் தடித்த பக்கத்தில் 30 செ.மீ. எடு. கோடு 11.5-ல் வரும், நடுவில் 7. உள்ளே நிறுத்துகிற துண்டு 5 செ.மீ. போதும். தடித்த முனையும் மெலிந்த முனையும் சேர்ந்து வருகிற மாதிரி கட்டினால் ஒரு பக்கம் சாயாது.

மேரி பெரியம்மா, 8:55
காலையில் பால் வாங்கப் போகச் சொன்னேன். அங்கே உட்கார்ந்து ஈர்க்குச்சிப் பாடம் நடக்கிறது.

ஷீபா, 9:58
ஜோயல் அளந்துகொண்டிருக்கிறான். 11.5-ஐ எங்கே வைப்பது என்று கேட்டு ஸ்கேலை இரண்டு தடவை தலைகீழாகப் பிடித்தான். இப்போது பிடிபட்டுவிட்டது. "தாத்தா எப்படி வட்டம் இல்லாமல் கண்டுபிடித்தார்?" என்கிறான்.

தங்கராஜ் பெரியப்பா, 10:01
குச்சியின் மொத்த நீளத்தை 0.382-ஆல் பெருக்கச் சொல். எந்த நீளமானாலும் கோடு போட வேண்டிய இடம் வந்துவிடும். அவன் கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கட்டும். ஏன் அந்த எண் என்று கிறிஸ்மஸ் லீவுக்கு வரும்போது சொல்லித் தருகிறேன்.

ஜெபா மைனி, 10:03
லீவுக்கு வருகிற பிள்ளைக்கு இது ஒரு வரவேற்பு.

ரெஜி, 11:14
இங்கே இன்னும் விடியவில்லை, அதற்குள் 40 மெசேஜ். அக்கா, இதைப் பாருங்கள், எங்கள் தெரு.
(படம்)

பியூலா சித்தி, 11:15
ரெஜி, தொப்பி போட்டுக்கொண்டு வெளியே போ. சாப்பிட்டாயா?

ரெஜி, 11:16
அம்மா, மணி 6:45. இனிமேல்தான்.

ஷீபா, 11:17
அது என்ன முள்ளம்பன்றி மாதிரி இத்தனை முனை?

ரெஜி, 11:24
ஹெர்ன்ஹூட் நட்சத்திரம். ஹெர்ன்ஹூட் இங்கே ஜெர்மனியில் இதே சாக்சனி மாநிலத்தில் இருக்கிற சின்ன ஊர், மொரேவிய சபை என்ற புராட்டஸ்டன்ட் சபையாருடைய ஊர். எங்கள் டிரெஸ்டனில் அட்வென்ட், அதாவது கிறிஸ்மஸுக்கு முந்தைய நாலு வாரக் காலம், அதன் முதல் ஞாயிறு வந்துவிட்டால் சர்ச், வீடு, கடை, எங்கே பார்த்தாலும் இதுதான். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தச் சபையின் உறைவிடப் பள்ளியில் கணக்குப் பாடத்துக்காகப் பிள்ளைகள் தாளில் ஒட்டியதுதான் ஆரம்பம். அப்பா அம்மா தூர தேசங்களில் மிஷனரி ஊழியத்தில் இருக்க, அங்கே தங்கிப் படித்த பிள்ளைகள். 25 முனை. 17-க்கு அடி சதுரம், 8-க்கு முக்கோணம்.

தங்கராஜ் பெரியப்பா, 11:29
17-ம் 8-ம் 25. அப்படியென்றால் உள்ளே இருப்பது 26 முகம் உள்ள உரு. 18 சதுரம், 8 முக்கோணம். ஒரு சதுரத்தைத் தொங்கவிடுவதற்காகக் காலியாக விட்டிருப்பார்கள். சரியா?

ரெஜி, 11:30
சரி பெரியப்பா. மேல் முகம் காலி.

தங்கராஜ் பெரியப்பா, 11:36
அந்தச் சபையார் 1760-ல் நம் தரங்கம்பாடிக்கே வந்து தோட்டம் போட்டு 1803 வரைக்கும் இருந்தார்கள். நட்சத்திரம் அதற்குப் பிறகு பிறந்ததால் நமக்கு அவர்கள் கையால் வரவில்லை. ஷீபா, ஜோயலிடம் சொல்லிப் பார். சார்ட் பேப்பரில் 25 கூம்பு.

ஷீபா, 11:37
வேண்டவே வேண்டாம். ஐந்து முனைக்கே இங்கே நாக்குத் தள்ளுகிறது.

ஷீபா, 11:52
ஒரு நட்சத்திரம் கட்டியாயிற்று. இரண்டாவது பாதி. இப்போது பிரச்சினை வேறு. மினு மூலையில் போய் உட்கார்ந்துவிட்டாள். அளப்பது அண்ணன், கட்டுவது அம்மா, தனக்கு ஒன்றும் இல்லையாம். நாலு வயசுக்கு என்ன வேலை கொடுப்பது?

தங்கராஜ் பெரியப்பா, 11:55
நூல் எடுத்துக் கொடுக்கச் சொல். தாள் ஒட்டும் வேலையைக் கொடுத்துவிடாதே. தாள் சுருக்கம் இல்லாமல் இழுத்து நிற்க வேண்டும். சுருங்கினால் உள்ளே விளக்குப் போட்டதும் அவ்வளவு சுருக்கமும் நரம்பு நரம்பாகத் தெரியும்.

மேரி பெரியம்மா, 11:58
நூல் எடுத்துக் கொடுத்துத்தான் இந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் வளர்ந்தன. இவர் நட்சத்திரம் கட்டும்போது ஒரு பிள்ளையை முற்றத்துப் பக்கம் விட்டது கிடையாது. ஷீபா, உனக்கு நினைவு இருக்கிறதா?

ஷீபா, 11:59
இருக்கிறது பெரியம்மா. நூற்கண்டைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் நினைவு. பெரியப்பா, கோபப்படாதீர்கள்.

பியூலா சித்தி, 12:01
ரெஜி ஒருமுறை தாளைத் தொட்டுவிட்டு ஓடி வந்து என் பின்னால் ஒளிந்துகொண்டான்.

ரெஜி, 12:02
அம்மா!

மேரி பெரியம்மா, 12:07
கணக்கு குச்சியோடு முடியட்டும். தாள் பிள்ளைகளுடையது. எலும்பு நேராக இருந்தால் மேலே என்ன ஒட்டினாலும் நட்சத்திரம் நட்சத்திரமாகத்தான் நிற்கும். சுருக்கம் தெரிந்தால் தெரியட்டும், நம் வீட்டைப் பரிசோதிக்க ஆள் வருகிறதா என்ன? மினுவிடம் பட்டத்தாளைக் கொடு, கையால் கிழிக்கச் சொல். கத்தரிக்கோல்கூட வேண்டாம். உள்ளங்கை அளவுத் துண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற மாதிரி ஒட்டட்டும். நிறம் இரண்டு சேர்கிற இடத்தில் மூன்றாவது நிறம் வரும், அதற்கே அவள் அரை மணி நேரம் உட்காருவாள்.

தங்கராஜ் பெரியப்பா
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ஜெபா மைனி, 12:10
நான் படித்துவிட்டேன்.

ஷீபா, 12:11
பெவிகால் தீரப்போகிறது. மைதாப் பசை எப்படி?

மேரி பெரியம்மா, 12:14
மைதா இரண்டு ஸ்பூன். முதலில் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டி இல்லாமல் கரை. பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் விட்டுச் சின்னத் தீயில் கிண்டு. வெள்ளை மாறிக் கண்ணாடி மாதிரி வரும்போது இறக்கு. ஆறினால் இன்னும் இறுகும், அதனால் கொஞ்சம் தளர்வாகவே எடு.

தங்கராஜ் பெரியப்பா, 12:16
ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டால் கரப்பான் அரிக்காது.

பியூலா சித்தி, 12:17
வேண்டாம், வேண்டாம். அது விஷம். மினு விரலை நக்குகிற பிள்ளை. கரப்பான் அரித்தால் அரித்துவிட்டுப் போகட்டும். பசையைக் கொஞ்சமாகக் காய்ச்சி இன்றைக்கே தீர்த்துவிடு.

தங்கராஜ் பெரியப்பா, 12:18
அதுவும் சரிதான். சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் போடுவது நினைவு வந்தது, சொன்னேன்.

ஜெபா மைனி, 12:40
இங்கே இவ்வளவு நேரம் உங்கள் பேச்சைப் பார்த்துவிட்டு என் மகளும் தாளை எடுத்துவிட்டாள். வெள்ளைத் தாளை மடித்துப் பனிப்பூ வெட்டுகிறாள். எட்டு முனை வருகிறது.
(படம்)

ரெஜி, 12:44
மைனி, பனிக்கு ஆறு முனைதான். இங்கே ஜன்னலில் வந்து விழுகிறது, வேண்டுமானால் எண்ணிக் காட்டுகிறேன்.

தங்கராஜ் பெரியப்பா, 12:46
பாதி, பாதி, பாதி என்று மடித்தால் எட்டுதான் வரும். ஒருமுறை பாதியாக மடித்துவிட்டு, அடுத்த மடிப்பை மூன்று சம பங்காக மடிக்கச் சொல். பிறகு அதை நடுவில் ஒருமுறை. ஆறு வரும்.

மேரி பெரியம்மா, 12:48
நாகர்கோவில்காரிக்குப் பனி எதற்கு? இங்கே டிசம்பர் என்றால் குடை. ஒரு குடை வெட்டச் சொல்.

ஷீபா, பிற்பகல் 2:20
மினு ஒட்டும் வேலையில் சாப்பாட்டை மறந்துவிட்டாள். ஊட்டிவிட்டேன். ஒரு பக்கம் முடிந்தது. ஊதாவும் மஞ்சளும். ஜோயலுக்கு இப்போது பொறுமை போய்விட்டது, அவனுக்கு வேறு வேலை வேண்டும். காலண்டர் தாள் நிறைய இருக்கிறது, கீற்றுக் கீற்றாக வெட்டி வளையச் சங்கிலி செய்யச் சொல்லவா? 24 வளையம். கிறிஸ்மஸ் வரைக்கும் நாளுக்கு ஒன்று கிழிக்கலாம்.

பியூலா சித்தி, 2:24
எந்தக் காலண்டர்? சபையில் கொடுத்ததா? அதில் வசனம் இருக்குமே.

ஷீபா, 2:25
அய்யோ, ஆமாம். பழைய வருஷத்துடையது. மாதத் தாள் முழுக்க வசனம்.

பியூலா சித்தி, 2:26
வசனத்தைக் கிழிப்பாளாம்.

ஜெபா மைனி, 2:27
பழைய பரீட்சைத் தாள் எடு ஷீபா. அதைக் கிழிக்கப் பிள்ளைகளுக்கு ஆசையும் இருக்கும்.

மேரி பெரியம்மா, 2:33
வசனம் நடுவில் அறுபடாமல், வெளிப்பக்கம் தெரிகிற மாதிரி கீற்று வெட்டு. நாளுக்கு ஒரு வளையத்தை ஒட்டு விட்டுப் பிரித்து, ஜோயல் வாசித்துவிட்டு வேதப்புத்தகத்துக்குள் வைக்கட்டும். கிழிக்க வேண்டியதில்லை. அதற்குப் பசையைக் கொஞ்சமாக வைக்கச் சொல்.

பியூலா சித்தி, 2:34
இது நன்றாக இருக்கிறது. நானும் செய்கிறேன்.

ஸ்டான்லி, 3:05
மீட்டிங்கில் இருந்தேன். என்ன நடக்கிறது? வீட்டு கேமராவில் பார்த்தால் ஹால் முழுக்க ஊதாவாக இருக்கிறது.

ஷீபா, 3:06
வரும்போது 3 வாட் எல்.இ.டி. பல்பும் ஹோல்டரும் வாங்கி வாருங்கள்.

ஸ்டான்லி, 3:07
அலமாரியில் பழைய சீரோ வாட் பல்பு இருக்கிறதே?

தங்கராஜ் பெரியப்பா, 3:09
அது வேண்டாம் மாப்பிள்ளை. பெயர்தான் சீரோ. பத்துப் பதினைந்து வாட் எடுக்கும், தொட்டால் சுடும். இத்தனை சின்ன நட்சத்திரத்துக்குள் தாளை ஒட்டி நிற்கும். இங்கே ஒரு வீட்டில் 60 வாட் பல்பைப் போட்டு நட்சத்திரம் பற்றிக்கொண்டதை நேரில் பார்த்திருக்கிறேன். ஷீபா, பின்பக்கம் நடுவில் இருக்கிற ஐங்கோணத்தில் தாள் ஒட்டாமல் விடு. பல்பு நுழையவும் சூடு போகவும் அதுதான் வழி.

ஷீபா, 3:11
தாமதம். மினு அதையும் மூடிவிட்டாள். மூன்று அடுக்கு.

தங்கராஜ் பெரியப்பா, 3:12
பசை காய்ந்த பிறகு பிளேடால் நீ அறுத்து எடு. ஈரத்தில் தொடாதே, மொத்தமாகப் பிய்ந்து வரும்.

ஜெபா மைனி, 3:15
பால்கனியில் மாட்டாதே ஷீபா. பட்டத்தாளில் சாரல் பட்டால் சாயம் இறங்கும். எங்கள் வாடகை வீட்டுச் சுவரில் இறங்கிய சிவப்புக்கு வீட்டுக்காரர் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஷீபா, 3:16
ஹால் ஜன்னலுக்கு உள்பக்கம்தான் மாட்டப்போகிறேன். தெருவிலிருந்து பார்த்தாலும் தெரியும்.

ஷீபா, மாலை 7:02
(படம்)
(படம்)
விளக்குப் போட்டாயிற்று. கீழே வாட்ச்மேன் அண்ணன் பார்த்துவிட்டு மேலே வந்து யார் செய்தது என்று கேட்டுவிட்டுப் போனார். இருவரும் "நான்" என்றார்கள்.

ரெஜி, 7:04
அக்கா, அருமை! ஊதாவும் மஞ்சளும் சேர்கிற இடத்தில் செம்மண் நிறம் வந்திருக்கிறதே. இங்கே கடையில் இது கிடைக்காது.

மேரி பெரியம்மா, 7:05
என் செல்லங்களே. ஒருநாள் வீடு முழுக்க மைதா, பரவாயில்லை.

தங்கராஜ் பெரியப்பா, 7:11
பார்த்தேன். கீழே இடப்பக்க முனை ஒரு அரை செ.மீ. குட்டை.

மேரி பெரியம்மா, 7:11
தங்கராஜ் சார்.

தங்கராஜ் பெரியப்பா, 7:13
குறை சொல்லவில்லை. குச்சி அந்த இடத்தில் நுனிப்பக்கமாக இருந்திருக்கும். நன்றாக வந்திருக்கிறது. ஊருக்கு வரும்போது எடுத்து வா, இந்த வருஷம் நம் வாசலில் அதைத்தான் மாட்டப்போகிறேன்.

ஷீபா, 7:15
ரயிலில் எப்படிக் கொண்டுவருவேன்? இப்போதே ஆள் கை பட்டாலே நசுங்குகிற மாதிரி இருக்கிறது.

தங்கராஜ் பெரியப்பா, 7:19
பின்பக்கம் அறுத்த இடம் வழியாகக் கையை விட்டு, உள்ளே நிறுத்திய ஐந்து துண்டுகளையும் கழற்று. தட்டையாகிவிடும். பெட்டிக்குள் துணிக்கு மேலே வைத்துக் கொண்டுவா. இங்கே வந்து துண்டுகளை நிறுத்தும்போது தாள் நாலைந்து இடத்தில் கிழியும். மினு ஒட்டட்டும்.

மேரி பெரியம்மா, 7:20
கேட்டீர்களா எல்லாரும்? ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள்.

தங்கராஜ் பெரியப்பா, 7:22
அந்த ஊதாத் தாள் எந்தக் கடையில் வாங்கினாய்? இங்கே சிவப்பும் பச்சையும்தான் வருகிறது. 4 தாள் கூடுதலாக வாங்கிக்கொண்டு வா. மடிக்காமல் சுருட்டி எடுத்து வா.