மாணவர்கள் பூட்டிய கணினி இரண்டு நொடியில் அணைந்துவிடுகிறது: உதவி தேவை

கணித ஆசிரியை, அரசு உயர்நிலைப் பள்ளி, திண்டுக்கல் மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். ஓர் அலுவலகத்தில் கழித்துவிட்ட மேசைக் கணினிகள் சில எங்கள் பள்ளிக்கு வந்தன. எல்லாம் கோர் 2 டுயோ என்ற பழைய பிராசசர் (கணினியின் மூளையான சிப்) காலத்தவை. சனிக்கிழமைகளில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை வைத்து அவற்றைக் கழற்றி, தூசு தட்டி, மறுபடி பூட்டக் கற்றுக்கொடுக்கிறேன். பிள்ளைகளின் ஆர்வத்தைப் பார்த்தால் எனக்கே வீட்டுக்குப் போக மனம் வருவதில்லை.

இப்போது இரண்டு கணினிகள் மக்கர் செய்கின்றன. முதலாவதில் மின்விசிறி ஓடுகிறது, திரை இருட்டாக இருக்கிறது, விட்டுவிட்டு நீளமாக பீப் ஒலிக்கிறது. இரண்டாவது பொத்தானை அழுத்தியதும் இரண்டு நொடி ஓடி அணைந்துவிடுகிறது. கழற்றுவதற்கு முன் அது நன்றாக ஓடியது. அதன் கேபினெட் உடைந்திருந்ததால் மதர்போர்டை (எல்லாப் பாகங்களும் இணையும் முதன்மைப் பலகை) வேறொரு பெரிய கேபினெட்டுக்கு மாற்றினோம். நினைவகமான ராமை மாற்றிப் பார்த்தோம், வேறு எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) போட்டுப் பார்த்தோம், பலன் இல்லை.

கடைக்குக் கொண்டுபோனால் சரிசெய்து தந்துவிடுவார்கள். ஆனால் காரணத்தைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும் என்பது என் ஆசை. விடையைச் சொல்லாமல் அவர்களை எப்படி வழிநடத்துவது?

இன்னொன்று. வெறுங்காலோடு நின்று கேபினெட்டைத் தொட்டால் லேசாகச் சுரீர் என்கிறது. பிள்ளைகள் அதை விளையாட்டாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

கணினி பழுதுபார்ப்பவர், மதுரை

டீச்சர், கடைசியாகச் சொன்னதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். அது சரியாகும் வரை அந்த அறையில் எந்தக் கணினியையும் மின் இணைப்பில் செருகாதீர்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் மின் இரைச்சலை வடிகட்டச் சிறிய கெப்பாசிட்டர்கள் (மின்னூட்டத்தைத் தேக்கும் பாகங்கள்) இருக்கும். அவற்றின் வழியே மிகக் குறைந்த அளவு மின்சாரம் எப்போதும் கேபினெட்டின் உலோகத்துக்கு வரும். எர்த் இருந்தால் அது தரைக்குப் போய்விடும், நமக்குத் தெரியவே தெரியாது. உங்களுக்குச் சுரீர் என்கிறது என்றால் அந்தச் சாக்கெட்டில் எர்த் வேலை செய்யவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். சாக்கெட்டில் மூன்று துளை இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. பின்னால் கம்பியே இணைக்காமல் விட்ட சுவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இன்றைய சுரீர் தாங்கக்கூடியதுதான். நாளைக்கு உள்ளே ஏதாவது ஒன்று உடைந்து 230 வோல்ட் நேரடியாகக் கேபினெட்டுக்கு வந்தால் தடுக்க எதுவும் இல்லை. உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிசெய்து, மின்கசிவு ஏற்பட்டால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் போடச் சொல்லுங்கள். அதற்குத் தலைமை ஆசிரியரிடம் மன்றாட வேண்டியிருந்தாலும் மன்றாடுங்கள்.

பீப் ஒலிக்கும் கணினிக்குப் பெரும்பாலும் ராம்தான் காரணம். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு ராமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள் ஒட்டாமல் துடைத்துப் போடச் சொல்லுங்கள். ராம் செருகும் ஸ்லாட்டுக்குள் வாயால் ஊத வேண்டாம், எச்சில் ஈரம் போகும். டிடிஆர் 2, டிடிஆர் 3 என்ற ராம் வகைகள் இரண்டுக்குமே 240 பற்கள்தான், ஆனால் நடுவெட்டு வேறு இடத்தில் இருக்கும். பொருந்தாததை அழுத்தினால் ஸ்லாட் போய்விடும்.

பாலிடெக்னிக் மாணவர், சேலம்

இரண்டாவது கணினிக்கு எஸ்எம்பிஎஸ்ஸையே சந்தேகப்படுகிறேன். மாற்றிப் போட்டதும் பழையதுதானே? திறந்து பார்த்தால் உப்பிய கெப்பாசிட்டர் கண்ணுக்கே தெரியும். மாணவர்களுக்குச் சால்டரிங் (ஈயப்பற்று வைத்தல்) கற்றுக்கொடுக்கவும் நல்ல வாய்ப்பு.

கணினி பழுதுபார்ப்பவர், மதுரை

தம்பி, உங்கள் ஆர்வம் புரிகிறது, ஆனால் இந்த யோசனை வேண்டவே வேண்டாம். 230 வோல்ட் மாறுமின்சாரம் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் ஏறக்குறைய 325 வோல்ட் நேர்மின்சாரமாகிப் பெரிய கெப்பாசிட்டர்களில் தேங்குகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கும். அதை வடித்துவிடும் மின்தடை பழுதாகியிருந்தால் இன்னும் அதிக நேரம் நிற்கும். பள்ளிப் பிள்ளைகள் எஸ்எம்பிஎஸ் பெட்டியின் நான்கு ஸ்க்ரூவைத் தொடவே கூடாது. பழுதானால் முழுசாக மாற்றிவிட வேண்டியதுதான். சால்டரிங் பழக, செத்துப்போன மதர்போர்டு போதும்.

தமிழ்வழிப் பள்ளி ஆசிரியர், இடுக்கி மாவட்டம்

கேரளத்தில் 2018 முதல் உயர்நிலைப் பள்ளிகளில் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் குழுக்கள் இயங்குகின்றன. வன்பொருள் பயிற்சியும் அதில் உண்டு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், டீச்சர்.

பிள்ளைகளை இருவர் இருவராகப் பிரியுங்கள். ஒருவர் கைவைக்க, மற்றவர் நோட்டில் எழுத வேண்டும். எழுதுபவர் அனுமதி தராமல் கைவைப்பவர் எதையும் கழற்றக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான். ராமையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் ஒன்றாக மாற்றி, கணினி ஓடிவிட்டால் எதனால் ஓடியது என்று யாருக்குத் தெரியும்?

எர்த் சரியான பிறகு, அந்த இரண்டாவது மதர்போர்டைக் கேபினெட்டிலிருந்து முழுவதுமாக வெளியே எடுத்து அட்டைப்பெட்டியின் மேல் வைக்கச் சொல்லுங்கள். பிராசசரும் அதன் விசிறியும், ஒரு ராம், திரை, எஸ்எம்பிஎஸ். வேறு எதுவும் வேண்டாம். பிராசசருக்கு அருகில் செருகும் நான்கு முனை 12 வோல்ட் இணைப்பை மறக்க வேண்டாம். வெளியே ஓடினால், ‘உள்ளே இருந்தபோது வேறு எது அதைத் தொட்டுக்கொண்டிருந்தது?’ என்று மட்டும் கேளுங்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்லாதீர்கள். இந்த மௌனம்தான் நமக்குக் கஷ்டம். ஆசிரியர் வாய் சும்மா இருக்காது.

கணித ஆசிரியை

எலக்ட்ரீஷியன் வந்தார். மூன்று சாக்கெட்டுகளில் எர்த் கம்பியே இல்லை. இப்போது எல்லாம் சரி, ஆர்சிசிபியும் போட்டாயிற்று. மதுரை ஐயாவுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வேன்!

ரப்பர் வைத்தியத்தில் பீப் ஒலித்த கணினி பிழைத்தது. மற்றது அட்டைப்பெட்டியின் மேல் ஓடியது, கேபினெட்டுக்குள் வைத்ததும் அணைந்தது. நீங்கள் சொன்ன கேள்வியைக் கேட்டுவிட்டு ஒதுங்கி நின்றேன். எழுதிக்கொண்டிருந்த மாணவி மதர்போர்டைக் கேபினெட்டுக்கு மேலே தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு ஸ்க்ரூத் துளைக்கும் நேரே கீழே பித்தளைத் தாங்கி (போர்டைக் கேபினெட் தகட்டில் படாமல் உயர்த்திப் பிடிக்கும் சிறு தூண்) இருக்கிறதா என்று விரல் வைத்து எண்ணினாள். துளை ஆறு, தாங்கி ஏழு. பெரிய மதர்போர்டுக்காகப் போட்டிருந்த ஒரு தாங்கி இந்தச் சிறிய போர்டின் அடியில் சால்டர் புள்ளிகளை முட்டி ஷார்ட் ஆக்கிக்கொண்டிருந்தது. போர்டைத் திருப்பினால் அந்த இடத்தில் ஒரு சின்னக் கீறல்! தாங்கியைக் கழற்றினாள், கணினி ஓடியது.

இனி நானே சின்னச் சின்னப் பழுதுகளை வைத்துவிட்டுக் கண்டுபிடிக்கச் சொல்லப் போகிறேன். இந்தக் கணினிகளில் எந்த இயங்குதளம் போடலாம்? அணைத்து எழுப்பும்போதெல்லாம் ஒன்றில் தேதி பழைய ஆண்டுக்குப் போய்விடுகிறது.

தமிழ்வழிப் பள்ளி ஆசிரியர், இடுக்கி மாவட்டம்

தேதிக்குக் காரணம் போர்டில் உள்ள காசு வடிவ பேட்டரி, சிஆர் 2032. மல்டிமீட்டரில் 3 வோல்ட்டுக்கு நன்றாகக் கீழே காட்டினால் மாற்றிவிடுங்கள். இதைப் பிள்ளைகளே அளக்கலாம்.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது, 11 இந்த பிராசசரை ஏற்காது. இலவச லினக்ஸ் இயங்குதளமான டெபியனின் 64 பிட் பதிப்பை எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான முகப்போடு போடுங்கள், 2 ஜிபி ராமில் ஓரளவு ஓடும்.

கணினி பழுதுபார்ப்பவர், மதுரை

நிறுவும் முன் ஒரு வேலை இருக்கிறது, டீச்சர். அலுவலகத்திலிருந்து வந்த வன்தட்டுகளில் பழைய கோப்புகள் இருக்கும். வெறுமனே ஃபார்மேட் செய்தால் மீட்டுவிடலாம். தட்டு முழுவதையும் ஒருமுறை பூஜ்யங்களால் நிரப்பி அழித்த பிறகே பிள்ளைகள் கையில் கொடுங்கள். டெபியன் யுஎஸ்பியிலிருந்தே செய்யலாம், எந்தத் தட்டு என்பதை மட்டும் இருமுறை பாருங்கள். ஓடாத எஸ்எம்பிஎஸ், பழைய பேட்டரி எல்லாவற்றையும் தனியாகச் சேர்த்து, பதிவுபெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். பழைய இரும்புக் கடைக்குப் போக வேண்டாம்.