மெத்தை ஸ்பிரிங், லாரிப் பட்டை நசுக்க எந்த மெஷின் வாங்கலாம்?

உச்சிப்புளி இரும்புக்கடை:

எல்லாருக்கும் வணக்கம். உச்சிப்புளியில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறேன். ராமேஸ்வரம் லாட்ஜ்களில் மெத்தை மாற்றினால் பழையது பெரும்பாலும் என் கடைக்குத்தான் வரும். பஞ்சையும் துணியையும் கிழித்து எடுத்தால் மிச்சம் ஸ்பிரிங் கூடுதான். எடை ஒன்றும் இருக்காது, இடத்தை மட்டும் அடைக்கும். போன வாரம் டாடா ஏஸ் நிறைய ஏற்றிப் போய் எடை போட்டால் 300 கிலோகூடத் தேறவில்லை. வண்டி வாடகைக்கே சரியாகப் போய்விட்டது. ஏறி மிதித்தால் அமுங்குகிறது, காலை எடுத்ததும் எழுந்துவிடுகிறது. இது போக லாரிச் சக்கரத்துக்கு மேலே அடுக்கடுக்காக இருக்கிற கமான் பட்டையும் கார் ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங்கும் வருகின்றன. ஒருவர் துண்டு துண்டாகக் கிழிக்கிற ஷ்ரெடர் வாங்கச் சொல்கிறார், இன்னொருவர் அழுத்திக் கட்டியாக்குகிற பேலிங் பிரஸ் போதும் என்கிறார். மூன்றுக்கும் ஒரே மெஷின் உண்டா?

கீழக்கரை ஸ்கிராப்:

தம்பி, மூன்றுக்கும் ஒரே மெஷின் என்று யார் சொன்னாலும் நம்பவேண்டாம். நான் நம்பிப் பணத்தை விட்டவன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் பழைய ஷ்ரெடர் ஒன்று வாங்கினேன். இரண்டு ஷாஃப்ட், கொக்கிப் பல். தகரத்துக்கு நல்ல மெஷின்தான். முதல் லோடு மெத்தை ஸ்பிரிங் போட்டேன். கம்பியை வெட்டுவதற்குப் பதில் ஷாஃப்டில் சுற்றிக்கொண்டது. விசைப்படகு புரொப்பல்லரில் வலை சிக்குமே, அதே மாதிரி. கட்டரை வைத்துக்கொண்டு இரண்டு பையன்கள் ஒரு பகல் முழுக்க நறுக்கி எடுத்தார்கள். விற்றவருக்குப் போன் போட்டால் எடுக்கவே இல்லை.

மெத்தைக் கம்பிக்கு ஹைட்ராலிக் பேலிங் பிரஸ்தான் சரி. ஆனால் ஸ்பிரிங்கை மட்டும் போட்டு அழுத்தினால், கதவைத் திறந்ததும் கட்டி மாவு மாதிரி உப்பி வரும். நான் செய்வது இதுதான். அடியில் எண்ணெய் டின் தகரம் ஒரு அடுக்கு, நடுவில் ஸ்பிரிங், மேலே மறுபடியும் தகரம். அழுத்தியதும் உடனே விடாமல் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்து வைக்க வேண்டும். தகரம் மடங்கி ஸ்பிரிங்கைக் கவ்விக்கொள்ளும். அப்புறம் கதவைத் திறக்கும் முன்னாலேயே கட்டுக்கம்பி போட்டுவிடுங்கள். தகரம் சேர்ந்திருப்பதை வாங்குபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், மறைத்து அனுப்பினால் அடுத்த லோடை எடுக்க மாட்டார்கள்.

கார் ஸ்பிரிங் பிரஸ்ஸுக்கு அடங்காது. அதற்கு அலிகேட்டர் ஷியர், முதலை வாய் போலத் திறந்து மூடுகிற வெட்டு மெஷின். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. மெஷினில் 40 மில்லிமீட்டர் கன ராடு வெட்டும் என்று எழுதியிருந்தால் அது சாதா இரும்புக்கு. ஸ்பிரிங் எஃகு ஏறக்குறைய மூன்று மடங்கு வலு. அந்த மெஷினில் 22, 23 மில்லிக்கு மேல் வைக்காதீர்கள், பிளேடு பல்லுப் பல்லாய்ப் பெயர்ந்துவிடும். வெட்டுத் துண்டு வேறு தோட்டா போலப் பறக்கும். பழைய கன்வேயர் பெல்ட்டை வாய்க்கு முன்னால் திரையாகத் தொங்க விடுங்கள், கண்ணாடி போடாமல் யாரையும் கிட்டே விடாதீர்கள்.

முக்கியமான இன்னொன்று. ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்தே வந்தால் கேஸ் கட்டரைத் தொடாதீர்கள். மேலே இருக்கிற ஒரு நட்டுதான் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்திருக்கிறது. என் கடைப் பையன் அதை வெட்டப் போய், மேல்தட்டு பறந்து ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஓட்டை போட்டது. அவன் தலை ஒரு சாண் தள்ளி இருந்தது. இன்றைக்கும் மழை பெய்தால் அந்த ஓட்டைக்குக் கீழே வாளி வைக்கிறோம், ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு கலங்கும். உள்ளே கேஸ் அடைத்த ஷாக்கும் உண்டு, சூடுபட்டால் வெடிக்கும். மெக்கானிக்கிடம் ஸ்பிரிங் கம்ப்ரசர் இருக்கும். அதைப் போட்டு இறுக்கி, நட்டைக் கழற்றி எடுங்கள்.

தேவிபட்டினம் பட்டறை:

லாரிப் பட்டையை மட்டும் தயவுசெய்து நசுக்காதீர்கள் அண்ணே. நான் கொல்லுப்பட்டறை வைத்திருக்கிறேன், எங்களுக்கு அதுதான் சரக்கு. சாதா இரும்பில் கரி, அதாவது கார்பன், மிகக் குறைவு, பட்டையில் நூற்றுக்கு 0.6 பங்கு வரை இருக்கும், சிலிக்கானும் சேர்ந்திருக்கும். அதனால்தான் அடித்துத் துவைச்சல் கொடுத்தால், அதாவது காய்ச்சித் தோய்த்து இறுக வைத்தால், விளிம்பு நிற்கிறது. இங்கே அரிவாள், மண்வெட்டி, கருவேலம் வெட்டுகிற கத்தி எல்லாம் பட்டையில்தான் அடிக்கிறோம். உருக்காலை எடை விலையைவிட நாங்கள் கூடவே கொடுப்போம்.

பிரித்து வைக்கும்போது ஒன்று பாருங்கள். நடுவில் சென்டர் போல்ட் ஓட்டை இருக்கும், அதைச் சுற்றித்தான் முதலில் விரிசல் விடும். மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு மேலே சுண்ணாம்பு பூசுங்கள். விரிசல் இருந்தால் சுண்ணாம்பில் கோடாக ஈரம் கசியும். அந்தப் பகுதியை ஸ்கிராப்புக்குப் போடலாம், மீதி முழுவதும் எங்களுக்கு ஆகும். வெட்ட வேண்டுமானால் கருவேலங்கரி உலையில் செக்கச் சிவக்கக் காய்ச்சி, ராத்திரி முழுக்கச் சாம்பலுக்குள் புதைத்து வையுங்கள். காலையில் ரம்பம் இறங்கும். தண்ணீரில் மட்டும் போட்டுவிடாதீர்கள், கண்ணாடி மாதிரி உடையும்.

உச்சிப்புளி இரும்புக்கடை:

கீழக்கரை அண்ணே, ரொம்ப நன்றி. ஷ்ரெடர் யோசனையை விட்டுவிட்டேன். பட்டையை இன்றைக்கே தனியாக அடுக்கச் சொல்லிவிட்டேன், பட்டறை அண்ணன் ஒருநாள் வந்து பார்க்கட்டும். இன்னும் ஒரே சந்தேகம். பக்கத்துக் கடையில் மெத்தையை அப்படியே கொளுத்திவிடுகிறார்கள். கம்பி தளர்ந்து படுத்துவிடுகிறது, பிரஸ்ஸே வேண்டாம் என்கிறார்கள்.

கீழக்கரை ஸ்கிராப்:

கம்பி தளர்வது உண்மைதான், சூட்டில் அதன் விறைப்பு போய்விடும். ஆனால் அந்த நுரைப்பஞ்சு எரிகிற புகையில் சயனைடு வாயு இருக்கிறது தம்பி. கடல் காற்றில் அது நேரே குடியிருப்புக்குள்தான் போகும். அந்தப் பஞ்சைத் தூளாக்கி ஒட்டி மறுபடி மெத்தை செய்கிறார்கள், ஈரம் படாமல் வைத்தால் அதற்கும் காசு வரும். கொளுத்த வேண்டாம்.

பிரஸ் வாங்கும்போது ராமை, அதாவது நீண்டு வந்து அழுத்துகிற தண்டை, கையால் தடவிப் பாருங்கள், பழையதாக இருந்தால் கட்டாயம். நம் பக்கத்து உப்புக் காற்றில் அந்தப் பளபளப்பான குரோம் மேலே கடுகளவு பழுப்புப் புள்ளி விழும். ஒரு புள்ளி போதும், அது எண்ணெயைத் தடுக்கிற ரப்பர் சீலைக் கீறிக் கீறி எண்ணெய் ஒழுக ஆரம்பிக்கும். சாயங்காலம் வேலை முடிந்ததும் ராமை முழுக்க உள்ளே இழுத்துவிட்டு, வெளியே தெரிகிற இடத்தில் கிரீஸ் தடவி, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் போங்கள். வாங்கப் போகும்போது சொல்லுங்கள், நானும் கூட வந்து பார்க்கிறேன்.