ஷன்பைக்: ‘விலகுவழி’ சரியாக வருமா?

வணக்கம் ஐயா,

நம் கலைச்சொல் பட்டியலுக்காக, ஷன்பைக்குக்கு (shunpike: சுங்கச்சாலையில் கட்டணம் கட்டாமல் ஒதுங்கிப் போகும் பக்கவழி) நீங்கள் தந்த ‘சுங்கத்தவிர்ப்புச் சாலை’ உடனே புரிகிறது. ஆனாலும் ‘தவிர்ப்பு’ எனக்கு உறுத்துகிறது. முதலாம் குலோத்துங்கனைச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்கிறோம். அங்கே தவிர்த்தவன் அரசன், சுங்கத்தையே நீக்கினான். ஷன்பைக்கிலோ சுங்கம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, வண்டிக்காரர்தான் ஒதுங்கிப் போகிறார். சுங்கம் வாங்காத அரசுச் சாலை என்று படிப்பவர் நினைத்துக்கொள்ள இடமிருக்கிறது.

இன்னொரு நண்பர் சொன்ன ‘கள்ளவழி’யை நான் ஏற்கமாட்டேன். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் வடகிழக்கில் தனியார் கம்பெனிகள் சாலை போட்டுக் கட்டணம் வாங்கின. காசு கொடுத்தால் குறுக்குக் கழியைத் திருப்பி வழிவிடுவார்கள். இத்தகைய சுங்கச்சாலைக்கு டர்ன்பைக் (turnpike) என்ற பெயர் அப்படித் திருப்பும் கழியிலிருந்து வந்தது. நியூ ஹாம்ப்ஷயரில், ஹாம்ப்டனுக்கும் ஹாம்ப்டன் ஃபால்ஸுக்கும் நடுவே டெய்லர் ஆற்றைக் கடக்க 1810இல் சுங்கம் வைத்தார்கள். ஊர்க்காரர்கள் பக்கத்திலேயே சொந்தமாக ஒரு பாலம் கட்டிக்கொண்டார்கள். 1826இல் அந்தச் சுங்கமே எடுக்கப்பட்டது. ஊர் கூடிப் போட்ட வழியைக் கள்ளவழி என்பது அநியாயம். நியூ ஜெர்சியில் ஷன்பைக் ரோடு என்றே இன்றும் தெருப்பலகை நிற்கிறது.

புறவழிச்சாலை, மாற்றுப்பாதை இரண்டும் பைபாஸுக்கும் டைவர்ஷனுக்கும் போய்விட்டன. அதனால் ‘விலகுவழி’யை முன்வைக்கிறேன். விலக்கு அரசு கொடுப்பது, விலகுவது பயணி. அந்த ஒற்று இல்லாததே பொருளைக் காட்டிவிடுகிறது. அப்புறம், கட்டணம் எதுவும் இல்லாவிட்டாலும் பெருஞ்சாலையை விட்டுக் கிராமச் சாலைகளில் நிதானமாகப் போவதையும் இப்போது ஷன்பைக்கிங் என்கிறார்கள். சுங்கத்தைச் சொல்லுக்குள் கட்டிவைத்தால் அந்தப் பொருள் வெளியே நின்றுவிடும். ‘விலகுவழிப் பயணம்’ இரண்டுக்கும் பொருந்தும்.

டர்ன்பைக்குக்குப் புதிதாகத் தேடவே வேண்டாம். பெரும்பாணாற்றுப்படையில் ‘உல்குடைப் பெருவழி’ இருக்கிறது. உல்கு என்றால் சுங்கம்தான். சுருக்கி ‘உல்குவழி’ என்றால் விலகுவழியோடு காதுக்கும் ஜோடி சேர்கிறது. எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது. இன்றைய வாசகருக்கு உல்கு எட்டாது என்று குழுவில் கருதினால் ‘சுங்கவழி’ போதும். விலகுவழியை மட்டும் அப்படியே பட்டியலில் சேர்த்துவிடலாமா?