காபோன் லொவாங்கோ பார்க், மே லீவுல குடும்பத்தோட போகலாமா? பிளான்ல சிக்கல், உதவி வேணும்

கோவை_சுத்தல்

வணக்கங்க. ரொம்ப நாளா காபோன் நாட்டுல இருக்கற லொவாங்கோ நேஷனல் பார்க் போகோணும்னு ஆசை, அதாங்க கடற்கரை மணல்ல யானை நடக்கும், நீர்யானை கடல் அலைல இறங்கும்னு போட்டோ பார்த்திருப்பீங்களே, அந்த எடம். கென்யாவோட மசாய் மாரா புல்வெளி சரணாலயம் ஏற்கெனவே பார்த்தாச்சு, அதனால இந்த தடவ மழைக்காடு.

ஆளுங்க: நான், வூட்டுக்காரி, பையன் (10 வயசு), அப்பா (66, நல்லா நடப்பாரு, பிரஷர் மாத்திரை மட்டும்).

ஏஜெண்ட் குடுத்த பிளான் இது. மே ரெண்டாவது வாரம் மும்பைல இருந்து அடிஸ் அபாபா வழியா காபோன் தலைநகர் லிப்ரவீல், மதியம் ஒரு மணிக்கு இறங்கி அன்னைக்கே மூணு மணிக்கு போர்ட் ஜென்டில் பிளைட்டு, அங்கிருந்து வண்டில லாட்ஜு, அப்புறம் மொத்தம் நாலு நைட்ல கொரில்லா, திமிங்கலம், ஆமை முட்டை போடறது, பீச் யானை எல்லாமே "கவர்" ஆயிடும்ங்கறாரு. திரும்பறதும் அதே மாதிரி ஒரே நாள்ல உள்நாட்டு பிளைட்டு, உடனே இன்டர்நேஷனல்.

இன்னும் அட்வான்ஸ் கட்டல. எங்கயோ இடிக்குது, ஆனா எங்கன்னு தெரியல. விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கடலோடி_ராம்நாடு

போர்ட் ஜென்டில்ல ஆயில் வேலைல இருந்தவன் நான், லொவாங்கோ பக்கமும் போயிருக்கேன். நேராவே சொல்றேன், அந்த நாலையும் ஒரே ட்ரிப்ல காட்டறேன்னு சொல்றவரு அந்த காட்டுக்குள்ள கால் வெச்சிருக்க மாட்டாரு.

அங்க சீசன் எப்படின்னா, ஜூன்ல இருந்து செப்டம்பர் நடுவு வரைக்கும் பெரிய வறட்சிக் காலம், மழையே இருக்காது ஆனா வானம் பூரா மூடிக்கிட்டு சாம்பல் கலர்ல கெடக்கும், கொஞ்சம் குளுமையா கூட இருக்கும். ஹம்பேக் திமிங்கலம் தெக்கே அண்டார்டிக் பக்கத்துல இருந்து குட்டி போட மேல ஏறி வர்றது அப்பதான், ஜூலை ஆகஸ்ட் செப்டம்பர். மே மாசத்துல திமிங்கலத்துக்கு காசு வாங்கறது கடலுக்கு காசு குடுக்கற மாதிரி தான்.

லெதர்பேக் ஆமை இதுக்கு நேர் எதிர்க் காலம். நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் நல்லா ஏறும், மார்ச்ல கொறஞ்சிடும். உலகத்துலயே அந்த ஆமை அதிகமா முட்டை போடற கரைகள்ல காபோனும் ஒண்ணு. மே மாசம் ஆமையும் கெடையாது.

பீச்ல யானை, எருமை, செந்நிற ஆத்துப்பன்னி எல்லாம் மழைக்காலத்துல தான் அதிகம், கடலோர புல்வெளில புது புல்லு மொளைக்கும்ல அதுக்கு வரும். சுமாரா நவம்பர் டிசம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும். மே கடைசில பாத்தா உண்டு பாக்காட்டி இல்ல.

மே மாசத்துல மிஞ்சறது கொரில்லா மட்டும் தான், அது வருஷம் பூரா அங்கயே தான் இருக்கு. ஆனா உங்க பையனுக்கு 10 வயசு. விட மாட்டாங்க.

கோவை_சுத்தல்

விட மாட்டாங்களா?? ஏஜெண்ட் இதப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலீங்க. நாலு பேருக்கும் கொரில்லாவுக்கு சேர்த்து தான் ரேட் போட்டிருக்காரு.

வால்பாறை_லென்ஸ்

ருவாண்டா, உகாண்டா ரெண்டுலயும் 15 வயசுன்னு சட்டமே இருக்கு. லொவாங்கோலயும் சின்ன பசங்கள கூட்டிட்டு போக மாட்டாங்க, சரியா எத்தன வயசுன்னு லாட்ஜுக்கு நேரடியா மெயில் போட்டு எழுத்துல வாங்கிக்கோங்க. காரணம் பயம் இல்ல, சளி. நம்மகிட்ட சாதாரணமா வர்ற சளிக் காய்ச்சல் கொரில்லாவ கொன்னே போட்டுடும், பசங்கதான் எப்பவும் மூக்கு ஒழுகிட்டு இருப்பாங்க. பெரியவங்களுக்கே அன்னைக்கு தும்மல் இருந்தா நிறுத்திடுவாங்க, காசு திரும்ப வருமாங்கறது வேற கேள்வி, அதையும் முன்னாடியே கேளுங்க. மாஸ்க் கட்டாயம், தள்ளி தான் நிக்கணும், பக்கத்துல இருக்கற நேரம் ஒரு மணி நேரம், ஃப்ளாஷ் கூடவே கூடாது.

போறது ரொம்ப சின்ன குழு, மூணு நாலு பேர் தான். ட்ராக்கருங்க முந்தின நாள் அதுங்க தூங்கின கூட்டுல இருந்து தடம் புடிச்சு போவாங்க, சில நாள் சீக்கிரம் முடியும், சில நாள் சதுப்பு தண்ணில இடுப்பளவு நடக்கணும். அப்பா நல்லா நடப்பாருங்கறீங்க, ஆனா பாப்பநாயக்கன்பாளையத்துல நடக்கறதும் இதுவும் ஒண்ணு இல்ல சார்.

இன்னொண்ணு, மாரா போயிட்டு வந்தவங்க எல்லாரும் இங்க மொத நாள் ஏமாந்து போவாங்க. வண்டில ஒக்காந்தா வரிசையா மிருகம் வராது. நாட்டுல 85 சதவீதத்துக்கு மேல காடு தான், எதுவும் இலைக்குப் பின்னாடி தான் இருக்கும். சிங்கம், வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி லொவாங்கோல கெடையாது. படகுல லகூன் (கடலோர உப்பங்கழி) ஓரமா போயி, எறங்கி நடந்து, காத்திருந்து பாக்கற ஊரு அது. பையனுக்கு அந்த பொறுமை இருக்கான்னு யோசிச்சுக்கோங்க.

லாச்சப்பல்_தம்பி

வணக்கம் அண்ணை. நான் பாரிஸில இருக்கிறன், இஞ்சயிருந்து லிப்ரவீலுக்கு நேரடி பிளைட் இருக்கிறதால கூட்டாளி ஒருத்தனோட போய் வந்தனான். அந்த ஒரு மணிக்கு இறங்கி மூண்டு மணிக்கு ஏறுற கதை சரிவராது. இமிக்ரேஷன், மஞ்சள் காய்ச்சல் கார்ட் பாக்கிறது, விசா ஒட்டுறது, பெட்டி வாறது எல்லாம் முடிய எவ்வளவு நேரம் எண்டு ஒருத்தரும் சொல்லேலாது. உள்நாட்டு பிளைட்டும் சொன்ன நேரத்துக்கு வெளிக்கிடும் எண்டு நம்பாதேங்கோ, நேரம் மாத்துவாங்கள், சில நேரம் நாளையே மாத்துவாங்கள். போகேக்க ஒரு இரவு, வரேக்க ஒரு இரவு கட்டாயம் லிப்ரவீலில தங்குங்கோ.

விசா ஒன்லைனில போடலாம், அனுமதிக் கடிதம் வந்தால் அதை பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் எயார்போட்டில விசா ஒட்டுவினம். லாட்ஜ் புக்கிங் கடிதம் கேப்பினம். 2023 ஆகஸ்ட்டில அங்க ராணுவம் ஆட்சியைப் பிடிச்சது, பிறகு 2025 ஏப்ரலில தேர்தல் நடந்தது, இடையில விதிகள் மாறியிருக்கலாம் எண்டபடியால் காசு கட்ட முதல் ஒருக்கா எம்பசியில கேளுங்கோ.

காசு விஷயம் முக்கியம். அங்க புழங்கிறது மத்திய ஆப்பிரிக்க சிஎஃப்ஏ பிராங்க், ஒரு யூரோவுக்கு 655.957 எண்டு நிரந்தரமா கட்டி வைச்சிருக்கு. செனகல், ஐவரி கோஸ்ட் பக்கம் ஓடுற சிஎஃப்ஏ பெறுமதியில ஒண்டுதான், ஆனா அந்த நோட்டை காபோனில வாங்க மாட்டினம், ஆராவது தந்தால் எடுத்துக்கொண்டு போகாதேங்கோ. டொலரை விட யூரோ நோட்டு லேசா மாத்தலாம். ஏடிஎம் லிப்ரவீலிலயும் போர்ட் ஜென்டிலிலயும் இருக்கு, அதுக்கு அங்கால காட்டுக்குள்ள கையில இருக்கிறது மட்டும்தான்.

இங்கிலிஷ் ஒருத்தரும் கதைக்க மாட்டினம், முழுக்க பிரெஞ்ச். போனில ட்ரான்ஸ்லேட்டரை நெட் இல்லாமல் வேலை செய்யிற மாதிரி முன்னமே இறக்கி வையுங்கோ.

மதுரை_டாக்டரம்மா

மருத்துவ விஷயம் யாரும் சொல்லல, நான் சொல்றேன். எல்லோ ஃபீவர் தடுப்பூசி சர்டிபிகேட் இல்லாம காபோனுக்குள்ள விட மாட்டாங்க. அதைவிட, அது இல்லாம அங்கிருந்து இந்தியாவுக்குத் திரும்பினா ஆறு நாள் வரைக்கும் க்வாரண்டைன்ல வெச்சிடுவாங்க. ஊசி போட்டு பத்து நாள் கழிச்சு தான் சர்டிபிகேட் செல்லும், அப்புறம் ஆயுசுக்கும் செல்லும், 2016ல விதி மாறிடுச்சு. சென்னையில கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்லயும் துறைமுக சுகாதார அலுவலகத்துலயும் போடறாங்க, குறிப்பிட்ட நாள்ல தான், போன் பண்ணி கேட்டுட்டு போங்க.

பையனுக்கு பிரச்சனை இல்ல, முட்டை அலர்ஜி இருந்தா மட்டும் சொல்லிடுங்க. யோசிக்க வேண்டியது அப்பாவப் பத்தி. 60 வயசுக்கு மேல முதல் தடவையா இந்த ஊசி போடறவங்களுக்கு அபூர்வமா, ரொம்ப அபூர்வமா, கடுமையான பக்கவிளைவு வர்ற வாய்ப்பு மத்தவங்கள விட கொஞ்சம் அதிகம். போடவே கூடாதுன்னு இல்ல. ஆனா பிரஷர் மாத்திரையத் தவிர எதிர்ப்பு சக்திய கொறைக்கற மருந்து, ஸ்டீராய்டு ஏதாவது எடுக்கறாரா, தைமஸ் சுரப்பி (நெஞ்செலும்புக்குப் பின்னாடி இருக்கறது) சம்பந்தமா ஏதாவது ஆபரேஷன் ஆச்சான்னு கேட்டு, அவர பாக்கற டாக்டர்கிட்ட பேசி முடிவு பண்ணுங்க. இத முடிவு பண்ணிட்டு அப்புறம் டிக்கெட் போடுங்க, தலைகீழா பண்ணாதீங்க.

மலேரியா அங்க வருஷம் பூரா உண்டு, அதுவும் ஃபால்சிபாரம், மூளைக்கு ஏறற வகை. தடுப்பு மாத்திரை நாலு பேருக்கும் வேணும். டாக்சிசைக்ளின் நம்ம ஊர்ல எங்கயும் கிடைக்கும், போறதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடி ஆரம்பிச்சு திரும்பி வந்து நாலு வாரம் வரைக்கும் விடாம போடணும், பாதி பேர் வந்த ஒடனே நிறுத்திடறாங்க. வெயில்ல தோல் சிவக்கும், நெறைய தண்ணியோட முழுங்கணும், போட்ட ஒடனே படுக்கக் கூடாது. ஊருக்கு வந்த பிறகு சில மாசத்துக்குள்ள காய்ச்சல் வந்தா டாக்டர்கிட்ட மொத வார்த்தையே "ஆப்பிரிக்கா போயிட்டு வந்தேன்"னு சொல்லணும், இல்லாட்டி வைரல்னு பாராசிட்டமால் குடுத்து அனுப்பிடுவாங்க.

வால்பாறை_லென்ஸ்

டாக்டர் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன், நீலம், கறுப்பு சட்டை வேண்டாம், கடிச்சு தூக்க நோய் பரப்பற செட்சி ஈ அந்த கலருக்கு தான் வரும். பகல்ல கடிக்கற பெரிய ஈ வேற இருக்கு, லோவா லோவா புழுவ பரப்பறது, கண்ணுக்குள்ள புழு போகும்பாங்களே அதான். முழுக்கை, காக்கி இல்ல மங்கின பச்சை.

கேமரா கேக்காமயே சொல்றேன், காட்டுக்குள்ள நடு மத்தியானமே இருட்டு, வெளிச்சம் நெறைய உள்ள விடற எஃப் 2.8 லென்ஸ் இருந்தா எடுத்துட்டு போங்க, ஐஎஸ்ஓவ (கேமராவோட வெளிச்ச உணர்திறன்) 6400 வரைக்கும் ஏத்த கூசாதீங்க. ஏசி ரூம்ல இருந்து வெளிய வந்த ஒடனே லென்ஸ் புகை மூட்டம் ஆயிடும், பையோட வெச்சு அரை மணி நேரம் வெளிய ஆற விடுங்க.

கோவை_சுத்தல்

எல்லாருக்கும் நன்றிங்க. ஏஜெண்டுகிட்ட வயசு விஷயம் கேட்டேன், "அங்க போயி பேசிக்கலாம் சார்"ங்கறாரு. அவருக்கு கும்பிடு போட்டாச்சு, நேரா லாட்ஜுக்கே எழுதறேன்.

மே வேண்டாம்னு முடிவு. பையனுக்கு லீவு இருக்கணும்ல, அப்ப அரையாண்டு லீவு, டிசம்பர் கடைசி டூ ஜனவரி முதல் வாரம் எப்படிங்க? திமிங்கலம் போகட்டும்.

கடலோடி_ராம்நாடு

அதான் சரி. டிசம்பர் நடுவுல இருந்து ஜனவரி வரைக்கும் மழை கொஞ்சம் ஒதுங்கி இருக்கும், சின்ன வறட்சின்னு சொல்வாங்க, சுத்தமா நிக்கும்னு எழுதித் தர முடியாது. ஆமைக்கு உச்ச நேரம், பீச் யானைக்கும் நல்ல நேரம். பையன ராத்திரி ஆமை நடைக்கு கூட்டிட்டு போங்க, கொரில்லாவ விட அவனுக்கு அது தான் மறக்காது, அந்த ஆமை ஒண்ணொண்ணும் முன்னூறு நானூறு கிலோ இருக்கும். சென்னையில பெசன்ட் நகர்ல ஆமை நடை போவாங்களே அங்க பாக்கற பங்குனி ஆமை இதுக்கு முன்னாடி குட்டி. வெள்ளை டார்ச் அடிக்கக் கூடாது, சிவப்பு மட்டும்.

நீர்யானை அலைல சறுக்கறத மட்டும் மனசுல வெச்சுட்டு போகாதீங்க. 1999-2000ல அமெரிக்க சூழலியலாளர் மைக் ஃபே காங்கோ காட்டுல இருந்து இந்த கடற்கரை வரைக்கும் நடந்தே வந்து உலகத்துக்கு காட்டினது அது, அதுக்கப்புறம் தான் 2002ல அப்போதைய காபோன் அதிபர் ஒமார் பொங்கோ ஒரே மூச்சுல 13 பார்க் அறிவிச்சாரு. அந்த காட்சிய நான் பாத்ததே இல்ல, அங்க வேலை பாக்கறவங்களுக்கே அபூர்வம்.

நாலு நைட் பத்தாது, லாட்ஜுல ஆறு வையுங்க. கொரில்லாவுக்கு நீங்களும் வீட்டுக்காரம்மாவும் போங்க, அன்னைக்கு தாத்தாவும் பேரனும் லகூன்ல படகு, கைடோட. அங்க இருக்கற மழைக்காட்டு யானை, புல்வெளி (சவன்னா) யானைய விட உருவம் சின்னது, தந்தம் நேரா கீழ பாத்து இருக்கும், ஆனா கோவம் பெருசு. கைடு நில்லுன்னா நிக்கணும், செல்ஃபிக்கு ஒரு அடி முன்ன வெக்கக் கூடாதுன்னு பையனுக்கும் தாத்தாவுக்கும் இப்பவே சொல்லி வெச்சிடுங்க.

கோவை_சுத்தல்

தாத்தாவுக்கு தான் ரெண்டு தடவ சொல்லோணும். கடைசியா ஒரு சந்தேகம்ங்க, போர்ட் ஜென்டில்ல இருந்து ரோடா, படகா? பையனுக்கு வண்டில வாந்தி வரும்.

கடலோடி_ராம்நாடு

லொவாங்கோ பக்கத்துல இருக்கற ஓம்புவே ஊர் வரைக்கும் இப்ப ரோடு இருக்கு, சதுப்பு மேல நீளமான பாலமெல்லாம் போட்டு கட்டினது, முன்ன மாதிரி படகு மட்டும்னு இல்ல. அதுக்கப்புறம் லாட்ஜு வரைக்கும் மண் ரோடு, குலுக்கும். வாந்தி மாத்திரை பிளைட்லயே குடுத்துடாதீங்க, போர்ட் ஜென்டில்ல வண்டி ஏறறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி குடுங்க, முன் சீட்டு கேட்டு வாங்குங்க. வண்டி லாட்ஜே அனுப்புமா, அதுக்கு தனி காசான்னு அந்த மெயில்லயே சேத்து கேட்டுடுங்க.